இரண்டு முறை திரும்பிய குரல்

ஆஸ்டின் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்று. ஒரே வாரத்தில் நான்காவது முறை. பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம் வரை மே மாத வெயிலில், காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது. அவன் வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனியில் ஒரே புகார் மூன்று முறை திரும்பி வந்தால் மேனேஜர் கூப்பிட்டு வைத்து வாங்குவார். நேற்றே வாங்கிக் கட்டிக்கொண்டாகிவிட்டது.

வீட்டு போனில் குரல் எதிரொலிக்கிறது, சத்தம் குறைகிறது. இவ்வளவுதான் புகார். இதற்காக அவன் செய்யாத வேலை இல்லை. ரூட்டரை இடம் மாற்றினான். இன்டர்நெட்டையும் போனையும் இணைக்கும் அந்தச் சின்ன அடாப்டரையே புதிதாகப் போட்டான். எதிரொலியை அடக்கும் செட்டிங்கைக் கூட்டினான், குறைத்தான், பிறகு ஜீசஸை வேண்டிக்கொண்டான். அவன் பேசிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடி மாதிரி கேட்கும். பாலம் தாண்டுவதற்குள் புகார் மறுபடி திறந்திருக்கும்.

கோதைநாயகி கதவைத் திறந்தாள். நாற்பது வயது இருக்கும். தூங்கிப் பல நாள் ஆன கண்கள்.

"இன்னிக்காவது சரி பண்ணிடுவேளா? நாளைக்குக் கார்த்தால அக்காவுக்கு ஆபரேஷன்."

அந்தக் கதை அவனுக்கு முதல் நாளே தெரியும். அக்கா ஜாஹ்னவி நாக்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மூளையில் கட்டி. பார்வை ஏற்கெனவே போய்விட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வருமா என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியவில்லை. சின்ன வயதில் பாதியில் விட்ட பாசுரங்களை, வாய் இருக்கும்போதே முழுக்கச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. தங்கை போனில் சொல்லிக்கொடுத்து வந்தாள். கடைசிப் பாசுரம் ஒன்றுதான் பாக்கி.

இரண்டடிச் சுவர் வைத்த வீடு அது. மொபைல் சிக்னல் வாசற்படியோடு நின்றுவிடும். தெருவில் நின்று ஆட்டோ ஹாரனுக்கு நடுவே பாசுரம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

"இந்த வாட்டி நீங்களே பேசுங்க மேடம். நான் பக்கத்துல இருந்து கேக்குறேன்" என்றான் ஆஸ்டின். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று தன்மேலேயே கடுப்பு வந்தது.

அவள் எண்களை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் டிராலி உருளும் சத்தம், ஏதோ மெஷினின் பீப் சத்தம், நடுவில் அக்காவின் களைத்த குரல். நேற்றுச் சொன்னதை ஒருமுறை சரிபார்க்கலாம் என்றாள் கோதை. ஒரு வரி சொன்னாள். அக்கா அதையே இரண்டு முறை திருப்பிச் சொன்னாள்.

"இது ஏன் மேடம் ரெண்டு தடவை?" என்று கிசுகிசுத்தான்.

"இதுக்குப் பேர் சந்தை. சொல்லிக்கொடுக்கறவா ஒரு தடவை, கத்துக்கறவா ரெண்டு தடவை. எங்காத்துல எல்லாரும் இப்படித்தான் கத்துண்டோம்."

அடுத்த வரி. திடீரெனச் சத்தம் பாதியாக விழுந்தது. அக்காவின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல். மெல்லியது, பெண் குரல், அதே வரி. அதுவும் இரண்டு முறை.

"எக்கோதான்" என்றான் ஆஸ்டின், வெற்றியோடு.

உடனே குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

அக்கா வரியைச் சரியாகச் சொல்லியிருந்தாள். அடியில் வந்த குரலோ நடுவில் ஒரு சொல்லில் தடுக்கி நின்றது. பிறகு இரண்டாம் முறை அதைத் திருத்திக்கொண்டு சொன்னது.

எதிரொலி தடுமாறாது.

"அடுத்தது?" என்றாள் அக்கா.

"அடுத்தது?" என்றது அடிக்குரல்.

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள் போலிருந்தது. ரெண்டு மணிக்குக் கூப்பிடு, கடைசியை முடிச்சுடலாம் என்று சொல்லி அக்கா வைத்தாள். கோதை ரிசீவரை வைத்தாள். அடாப்டரில் போனுக்கான விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. யாராவது ரிசீவரைத் தூக்கியிருந்தால்தான் அது சிமிட்டும். ஆஸ்டின் மீட்டரை வைத்துப் பார்த்தான். வோல்டேஜ் விழுந்து கிடந்தது.

"மேடம், வீட்டுல இன்னொரு போன் இருக்கா?"

"இல்லையே. இது ஒண்ணுதான்."

தவறு எங்கே என்று அவனுக்குப் புரிந்தது. புது ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, அடாப்டரைக் கூடத்துச் சுவரிலிருந்த பழைய லேண்ட்லைன் ஜாக்கில் அவன்தான் செருகியிருந்தான். பழைய வீடுகளில் எல்லாரும் செய்கிற வேலை. அந்த ஒயர் சுவருக்குள் வேறு எங்கோ பேரலலாகப் போகிறது. அங்கே ஏதோ பழைய போன், சரியாக வைக்காத ரிசீவர். இவ்வளவுதானா? இதற்கா நான்கு நாள் அலைந்தோம்?

சுண்ணாம்பு பூசி மறைந்திருந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். அது உக்கிராண அறைக்குள் நுழைந்தது. வீட்டுக்காரரின் பழைய பாத்திரங்கள் அடைத்த அறை; குடி வந்த எட்டு மாதத்தில் அதைத் திறந்ததில்லை என்றாள் கோதை. உள்ளே பழைய புளி வாடை. பின்னால் இன்னொரு வாசனை, ஈரத் தலையில் வைத்த தாழம்பூவின் வாசனை.

அண்டாவுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்தால் காதுக்கு எட்டும் உயரத்தில், சுவரில் ஒரு போன்.

ரிசீவர் தரையில் கிடந்தது.

அவன் அதை எடுத்தான். மேலெல்லாம் தூசி. பேசும் இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

சுவரிலிருந்து போனுக்கு வந்த ஒயரைப் பிடித்து இழுத்தான். நான்கு விரற்கடை நீளத்தோடு கையில் வந்தது. வெட்டிய முனையின் மேல் சுண்ணாம்பு காய்ந்து இறுகியிருந்தது. வெட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

கோதை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னார். அவரோட அத்தை ஒருத்தி இருந்தாளாம். அவா அப்பா போன்ல வெளியூர்க்காராளுக்குச் சந்தை சொல்லுவாராம். பொண்ணுக்கு எதுக்குன்னு இவளுக்குச் சொல்லித் தரலை. இவ இங்க உக்காந்து, ரிசீவரைத் தூக்கிண்டு, திருட்டுத்தனமாக் கத்துண்டிருக்கா. ஒருநாள் அவர் பார்த்துட்டு ஒயரை அறுத்துட்டாராம். ஒரு பாசுரந்தான் பாக்கின்னு கெஞ்சினாளாம். அவர் மசியலை. அந்த வருஷமே போயிட்டா."

ஆஸ்டினுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தை விடக் கோபம் பெரிதாக இருந்தது. இதை ரிப்போர்ட்டில் என்னவென்று எழுதுவது? விறுவிறுவென்று கூடத்துக்கு வந்து, சுவர் ஜாக்கிலிருந்த ஒயரைப் பிடுங்கினான். போனை நேராக அடாப்டரில் செருகினான். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது.

"முடிஞ்சுது மேடம். இனிமே சுவருக்கும் போனுக்கும் சம்பந்தமே கிடையாது. ரெண்டு மணி வரைக்கும் நான் போகப்போறதில்லை."

சொன்னபடியே இருந்தான். இரண்டு மணிக்குக் கோதை எண்களை அழுத்தினாள். முதல் ரிங் முழுதாக அடிப்பதற்குள் எடுத்தாகிவிட்டது.

"அக்கா?"

"ம். சொல்லு."

கோதை முதல் வரியைச் சொன்னாள். இரண்டு முறை திரும்பி வந்தது. இரைச்சல் இல்லை, சத்தம் விழவில்லை. இவ்வளவு சுத்தமான லைனைத் தன் பதினோரு வருஷ சர்வீஸில் ஆஸ்டின் கேட்டதில்லை. காலையில் கேட்ட டிராலி இல்லை, பீப் இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெருமையாக இருந்தது அவனுக்கு. அக்காவின் குரலில் காலையில் இருந்த களைப்பும் போயிருந்தது. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. கடைசி வரி இரண்டாம் முறை முடிந்தபோது கோதை அழுதுகொண்டிருந்தாள்.

"முடிச்சுட்டே அக்கா. முழுக்க முடிச்சுட்டே."

மறுமுனை பதில் சொல்லாமல் வைத்துவிட்டது.

புகாரை மூட வாடிக்கையாளரின் மொபைலுக்கு வரும் ஓடிபி வேண்டும். சிக்னலுக்காக இருவரும் வாசற்படிக்கு வந்தார்கள். கோதையின் மொபைல் உயிர்பெற்றது. முதலில் வந்தது ஓடிபி இல்லை. ஒன்பது தவறிய அழைப்புகள். அடுத்த நொடி அதுவே அடித்தது. அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள். அக்காவின் கணவர் லக்ஷ்மிகாந்த்.

"கோதை, எங்கே போயிட்டே? உங்காத்து லைன் ஒரு மணியிலேர்ந்து என்கேஜ்டு. அவளுக்குத் திடீர்னு மோசமாயிடுத்து. ஒண்ணரைக்கே ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போயிட்டா."

"இல்லையே அத்திம்பேர்... இப்போ நான் அக்காவோட..."

"அவ போனை ஆஃப் பண்ணி என் சட்டைப் பையிலன்னா வச்சிருக்கேன்." அவர் குரல் உடைந்தது. "கதவு மூடற வரைக்கும் கேட்டுண்டே போனா. கோதை கூப்பிட்டாளா, கடைசி ஒண்ணு பாக்கியிருக்கேன்னு."

கோதை மொபைலை மெதுவாகத் தாழ்த்தினாள்.

"அப்போ நான் யாருக்குச் சொன்னேன்?"

ஆஸ்டின் கூடத்துக்கு ஓடினான். ரிசீவர் வைத்தபடியே இருந்தது. விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. போன் ஒயரைப் பிடுங்கினான். சிமிட்டியது. கரன்ட் பிளக்கையே இழுத்தெறிந்தான்.

விளக்கு அணைந்தது.

தாழம்பூ வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது.

உக்கிராண அறையிலிருந்து, கொஞ்சமும் இரைச்சல் இல்லாமல், அந்தக் குரல் கேட்டது.

"அடுத்தது?"

பிறகு, முறைப்படி, இன்னொரு தடவை.

"அடுத்தது?"