சிவப்பு டின்னில் போட்டவங்க யாரு?

முதலில் இரண்டு டின்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் ஷிஃபானாவின் எரிச்சல் புரியும்.

மட்டாஞ்சேரியில் ஒரு சந்து மதரஸாவின் பிள்ளைகள், ரமலானில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். நீல டின் ஜகாத்துக்கு. அது ஏழைகளுக்கு உரிய பணம். அதே சந்தில் ஒழுகும் ஒரு கூரைக்கு அதில் தகரம் வாங்க வேண்டும். சிவப்பு டின் புதுக் கால்பந்துக்கு; பழையது கிழிந்துவிட்டது. இரண்டுக்கும் ஷிஃபானாதான் பொறுப்பு. அவள்தான் கோல்கீப்பரும்.

அன்று பள்ளிவிட்டு வந்து பார்த்தால், நீல டின் மூட முடியாமல் நிரம்பி நின்றது. சிவப்பு டின்னைத் தம்பி ரய்யான் வாசலில் வைத்துக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தான்.

"இதுல இருந்த காசு எங்கடா?"

"அதுல கொட்டிட்டேன். விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப ஆளுங்க தட்டிட்டுப் போறாங்கல்ல? நானும் போகணும்."

"நீ சஹருக்கு எழுந்ததே இல்லையே."

"அதான். தட்டினா எழுந்திடுவேன்ல?"

ஷிஃபானா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கூட்டாளிகள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு யோசனை. பாதிப் பாதியாகப் பிரிக்கலாம் என்றான் அனஸ். நோட்டெல்லாம் கூரைக்கு, சில்லறையெல்லாம் பந்துக்கு என்றாள் லுத்ஃபியா. பந்தின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் அனஸ் கேட்டுப் பார்த்தான்.

"கூரைக்காசு ஒரு ரூபா பந்துல சேர்ந்தாலும் தப்பு," என்றாள் ஷிஃபானா. "மொத்தத்தையும் கூரைக்கே கொடுத்திடலாம்."

"அப்ப பந்துக்குன்னு தந்தவங்க?" என்றாள் லுத்ஃபியா.

அதுவும் சரிதான். அவர்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது. ஆனால் யார் யார் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

வீடு வீடாகக் கேட்டே விடலாமென்று ஷிஃபானா நீல டின்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னாலேயே ரய்யான், டம் டம் டம். நிறுத்தச் சொன்னாள். நிறுத்தவில்லை. கெஞ்சினாள். இன்னும் பலமாகத் தட்டினான்.

கதவுகள் திறந்தன. நோன்பு திறக்கவே நேரமிருக்க, அடுத்த சஹருக்கு இப்போதே எழுப்புகிறாயா என்று ஒருவர் கடிந்தார். சந்து முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அட, இதுவும் நல்லதுதான்.

"சிவப்பு டின்னில் போட்டவங்க யாரு?" என்று உரக்கக் கேட்டாள்.

பிந்து சேச்சி கை தூக்கினார். விஷயத்தைச் சொன்னதும், "கூரைக்கானா சந்தோஷம்தான் மோளே," என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள், பை தைக்கும் இஸ்மாயில் இக்காவைத் தவிர.

"யாரோட கூரை?" என்றார் அவர்.

ரய்யான் வாயைத் திறந்தான். ஷிஃபானா அதைக் கையால் பொத்தினாள்.

"அது சொல்ல மாட்டேன் இக்கா. அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

"நான் பந்துக்குத்தான் தந்தேன். அம்பது ரூபா."

ஷிஃபானா நீல டின்னிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிவிட்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"இத வச்சு நான் மட்டும் எங்க போய்ப் பந்து உதைக்க?" என்று அலுத்துக்கொண்டார். "அந்தக் கிழிஞ்ச பந்தைக் கொண்டா. நூலும் துணியும் இந்தக் காசுல ஆச்சு."

நோன்புப் பெருநாள் மாலை. பள்ளிக்கூடப் பைத் துணியில் ஒட்டுப்போட்ட பந்து மைதானமில்லாத அந்தச் சந்தில் பறந்தது. அனஸ் உதைத்த உதையில் அது நூர்ஜஹான் இத்தாவின் புதுத் தகரக் கூரையில் விழுந்தது. டங்!

இத்தா பந்தோடு வெளியே வந்தார்.

"மழைக்குப் பயந்தது தீர்ந்தது. இனி உங்க பந்துக்குப் பயப்படணுமா?"

சொல்லிக்கொண்டே ஓங்கி எறிந்தார். ஷிஃபானா தாவிப் பிடித்தாள். ரய்யான் சிவப்பு டின்னைத் தட்டினான். இந்த முறை யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.