ஐந்து கிராம் குண்டு

செவ்வாயின் மூன்றாம் குகைக் குடியிருப்பில் வாரத்துக்கு ஒரு குடைவானுக்காவது கிறுக்குப் பிடித்துவிடும். குடைவான் என்பது சுரங்கம் தோண்டும் ரோபோ. செந்தூசி அதன் மூளைச்சில்லுக்குள் புகுந்துவிட்டால், ஊருக்குள் வந்து யார் வீட்டு அடுக்களைச் சுவரையாவது குடைய ஆரம்பிக்கும். வீட்டுக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் காவலர் ஜெசிந்தாவைக் கூப்பிடுவார்கள். அவள் கைத்துப்பாக்கியோடு போய், அதன் கழுத்திலிருக்கும் மின்கலத்தில் சுட்டு அடக்குவாள்.

புதிதாக வந்த குடைவான்களுக்குக் கழுத்துத் தகடு தடிமன். ஒன்பதரை கிராம் குண்டு மெதுவாகப் போனாலும் தகட்டைத் துளைத்துவிடும்; இலேசான குண்டு சீறிக்கொண்டு போய்த் தெறித்து விழும். இதைச் சொல்லிச் சொல்லி ஜெசிந்தாவுக்குத் தொண்டை வற்றிவிட்டது. ஆனால் குண்டு பூமியிலிருந்து வரவேண்டும், கப்பலில் கிராமுக்குக் கிராம் பேரம். ஆகவே நிர்வாகம் ‘குண்டு எடைத் தேர்வுக் குழு’ ஒன்றை அமைத்தது. தலைவர் குஞ்சிதபாதம் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது.

“ஒன்பதரை ரொம்ப ஜாஸ்திம்மா. ஏழரையில முடிச்சுக்கலாமா?” என்றார் அவர்.

“ஏழரையா? வேண்டவே வேண்டாம்!” என்று பதறினார் ஓர் உறுப்பினர். பூமியை விட்டு இத்தனை கோடி கிலோமீட்டர் வந்து குடியேறியவருக்குச் சனி பயம் மட்டும் விடவில்லை.

“அப்ப அஞ்சு கிராம்.”

“சார், அது பட்டாணி மாதிரி தெறிக்கும். எதிர்ல நிக்கப்போறது நான்!”

“குழு முடிவு பண்ணிடுச்சும்மா.”

கப்பல் வந்தது. ஐந்து கிராம் குண்டுகளோடு, மிச்சம் பிடித்த எடையில் கருங்கல் கல்வெட்டு ஒன்றும் வந்து இறங்கியது. குழுவினர் அத்தனை பேரின் பெயரும் பட்டத்தோடு பொறித்த நாற்பது கிலோ கல். அதைக் காவல் அறை மாடி விளிம்பில் நிறுத்தி, திரை விலக்கி, கைதட்டினார்கள்.

மறுநாளே ஒரு குடைவான் அந்த மாடி விளிம்புக்கு நேர் கீழே வந்து, ஊர் முழுவதுக்கும் மூச்சுக்காற்று கொண்டுபோகும் குழாயைக் குடையத் தொடங்கியது. ஜெசிந்தா மாடியிலிருந்து சுட்டாள். குண்டு தெறித்து அவள் காதோரமாகவே திரும்பிப் போனது. மறுபடி சுட்டாள், மறுபடி தெறித்தது. குழாயில் விரிசல் விட்டுக் காற்று சீறியது.

“கருமம்!” என்று துப்பாக்கியை வீசியெறிந்தவள் கண்ணில் கல்வெட்டு பட்டது. செவ்வாயில் எதுவும் பூமியில் கனப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் கனக்கும். அலுங்காமல் தூக்கிக் கீழே போட்டாள். குடைவானின் கழுத்து நசுங்கி, மின்கலம் புகைந்து, எல்லாம் அடங்கிற்று.

குஞ்சிதபாதம் ஓடிவந்தார். குழாயை அவர் பார்க்கவே இல்லை.

“ஐயோ, என் பேர்ல பாதி போயிடுச்சே!”

“சார், இப்பவாவது ஒன்பதரை கிராம் குண்டு வாங்கித் தருவீங்களா?”

“இனிமே குண்டு எதுக்கும்மா? இதுதான் வேலை செய்யுதே. அடுத்த கப்பல்ல குண்டே வேண்டாம், கல்வெட்டா வரவழைச்சிடுறேன். கடைசி வரியில உன் பேரையும் போட்டுடலாம்.”

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு, “எத்தனை கிலோ?” என்றாள்.

“அதை முடிவு பண்ண ஒரு குழு போடணும்.”