நான்காவது இடம்

மூன்று காப்பகங்களில் மகளை ஒவ்வொரு நாள் விட்டுப் பார்த்தும் பூவிழியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மகள் துளிருக்கு இரண்டு வயது. அவளுடைய இடது காலில் கொலுசு மாதிரி ஒரு கவனமானி கிடந்தது. கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் கவனமானி இல்லாமல் எந்தப் பிள்ளையும் காப்பகப் படியேறுவதில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று அது பார்க்காது. அந்த ஆளின் கண்ணும் மனமும் பிள்ளைமேல் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். பார்வை, குரல், நாடித்துடிப்பு என்று எதையெதையோ கூட்டிக் கழித்து, எட்டு மணி நேரத்தில் பிள்ளையை எத்தனை நிமிடம் உண்மையாகக் கவனித்தார்கள் என்று சொல்லிவிடும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போன் பார்த்தால் ஒரு நிமிடம்கூட ஏறாது.

'வானவில்' காப்பகத்தில் மாதம் அறுபதாயிரம். கவனித்த நிமிடம் இருநூற்று நாற்பது. ஆனால் அங்கிருந்த ஆயாக்கள் பயிற்சி எடுத்து வந்து கண் கொட்டாமல் பார்த்த பார்வையில், துளிர் அன்று முழுக்க ஒரு பொம்மையைக்கூடத் தொடவில்லை. 'மழலைக்கூடு' முப்பதாயிரம், நூற்று முப்பது நிமிடம். அங்கே கொடுத்துவிட்ட சோறு டப்பாவில் அப்படியே திரும்பி வந்தது. சுகந்தி அக்கா தன் வீட்டு முன்னறையில் நடத்தும் காப்பகத்துக்கு ஒன்பதாயிரம்தான். நிமிடம் வெறும் எழுபது. அங்கிருந்து மட்டும் துளிர் முழங்கை வரை களிமண்ணோடு சிரித்துக்கொண்டு வந்தாள். நிமிடம் குறைந்த இடத்தில் சிரிப்பு எப்படிக் கூடியது என்று பூவிழிக்குப் புரியவே இல்லை.

"சுகந்தி அக்காகிட்டயே உட்டரலாம். புள்ள சிரிச்சுட்டுத்தான வந்துச்சு" என்றான் கணவன் மணிமாறன்.

"சிரிச்சாப் போதுமாங்க? எழுபது நிமிசந்தான் பாத்துருக்காங்க. மிச்ச நேரம் என்ன பண்ணுனாங்களோ."

"அப்ப வானவில்லுல சேத்து."

"என்ற சம்பளம் பூராவும் அதுக்கே போயிருமே."

"பின்ன என்னதான் பண்ணச் சொல்ற?"

அது தெரிந்திருந்தால் அவள் ஏன் குழம்பப் போகிறாள்? தன் ஆபீசில் யாரோ இன்னொரு இடம் சொன்னதாகவும் விசாரித்துப் பட்டியலில் சேர்ப்பதாகவும் சொல்லிவிட்டு மணிமாறன் நழுவிக்கொண்டான்.

இந்தக் குழப்பத்தில், வெள்ளிக்கிழமையே கழற்றிக் குழந்தை நலத் துறையில் கொடுத்திருக்க வேண்டிய கவனமானியைப் பூவிழி மறந்தே போனாள். சனியும் ஞாயிறும் காப்பகங்களைப் பற்றி ஊரார் எழுதி வைத்திருந்த கருத்துகளை ஒன்று விடாமல் படித்தாள். நடுவில் துளிர் நாலைந்து தடவை வந்து மடியில் ஏறினாள். ஒவ்வொரு தடவையும் பூவிழி அவளை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அடுத்த கருத்துக்குப் போனாள்.

திங்கட்கிழமை, முடிவாகும்வரை இருக்கட்டும் என்று துளிரைச் சுகந்தி அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவளுக்கு, டீ நேரத்தில்தான் ஒரு வழி தோன்றியது. பூவிழி வேலை பார்ப்பது பம்பு செட் கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். அங்கே வார்ப்பு எந்தப் பட்டறையிலிருந்து வந்தாலும் பெயரின் மேல் டேப் ஒட்டி மறைத்த பிறகுதான் சோதிப்பார்கள். பெயர் தெரிந்தால் கண் ஏமாறும் என்பது அந்தப் பிரிவின் சட்டம். காப்பகங்களையும் அப்படியே சோதித்தால் என்ன? கட்டணத்தையும் நிமிடத்தையும் வரிசையாகக் காட்டும் ஒப்பீட்டுப் பலகை போனில் இருந்தது; அதில் பெயர்களை மறைக்கச் சொன்னாள்.

மூன்று வரி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வரி இருந்தது. நான்காவது இடத்துக்குக் கட்டணம் இல்லை. நிமிடம் இருபத்து மூன்று. மணிமாறன் சேர்த்த இடம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது நிமிடத்துக்குக் கீழே போன இடத்தின் மேல் யாரும் அந்தப் பலகையிலிருந்தே புகார் கொடுக்கலாம். கொடுத்தாள். காரணம் கேட்ட கட்டத்தில், 'இலவசம் என்பதற்காகப் பிள்ளையை இப்படிப் போட்டு வைப்பதா? இங்கே பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு மனசாட்சி இல்லையா?' என்று எழுதி அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீயை நிம்மதியாகக் குடித்தாள். ஒரு வாரமாக அவள் குழம்பாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு பெண் கதவைத் தட்டினாள். "குழந்தை நலத் துறையில இருந்து வர்றேங்க. பேரு ரெஜினா. உங்க வீட்டு மேல ஒரு புகாருங்க."

"எங்க வீட்டு மேலயா? யாருங்க குடுத்தது?"

"அதச் சொல்லக் கூடாதுங்க. புள்ளைக மேல அக்கறை உள்ளவங்கதான். நீங்களே படிச்சுப் பாருங்க."

பூவிழி படித்தாள். மனசாட்சி வரைக்கும் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அது தன்னுடைய வாக்கியம். சனி, ஞாயிறு முழுக்கத் துளிரின் காலில் கிடந்த கவனமானி, இந்த வீட்டையும் ஓர் இடமாக அளந்து பட்டியலில் போட்டிருக்கிறது.

"அத நாந்தாங்க எழுதுனேன். எங்க வீடுன்னு தெரியாம எழுதிட்டேன். வாபஸ் வாங்கிக்கறேனுங்க."

"அது முடியாதுங்க. அளவு நெசந்தானுங்களே" என்றாள் ரெஜினா. அவள் குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. "ஒரு வாரம் டைமுங்க. வீட்டுல ஒரு நாளைக்கு அறுபது நிமிசம் வரலீன்னா, சனி, ஞாயிறும் காப்பகத்துலதான் விடோணும்னு உத்தரவு வந்துரும். எந்தக் காப்பகம்னு நீங்களே பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

போகும்போது கவனமானியில் எண் வெளியே தெரிகிற மாதிரி திருகி வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் பூவிழி போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். துளிர் கட்டைகளை அடுக்கினாள். பூவிழி அதைப் பார்த்தாள். எண் ஏறியதா என்று காலைப் பார்த்தாள். மறுபடியும் கட்டையைப் பார்த்தாள், மறுபடியும் காலைப் பார்த்தாள். கவனமானியையே கவனிக்கிற கவனத்தைக் கவனமானி கணக்கில் சேர்ப்பதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் பத்தொன்பது. இரண்டாம் நாள் பதினாறு. இவ்வளவு முயன்றும் ஏன் குறைகிறது என்று தெரியாமல் அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் துளிர் கட்டைகளை விட்டுவிட்டாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் இடது காலைப் பிடித்துத் தூக்கி அம்மாவின் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"ம்மா, பாரு" என்றாள்.

அம்மா எதைப் பார்க்கிறாள் என்று அந்த வீட்டில் ஒருத்தி மட்டும் சரியாகக் கவனித்திருந்தாள்.