‘ஆம்’ என்றால் எட்டுக் கேள்வி மிச்சம்

நாற்பது முறை நிரப்பிய படிவத்தில் நாற்பத்தொரு பதில் வந்து கிடந்தது.

தபீதாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். கீழ்க்கட்டளையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த அந்தச் சின்ன சர்வே ஆபீசில் அவளைத் தவிர ஆள் இல்லை. சனிக்கிழமை, மாலை ஆறரை. காலையிலிருந்து நசநசவென்று மழை. ஏசியை நிறுத்தியதும் ஈரத் தரைவிரிப்பின் வாடை எழும்பி, கீழிருந்து வந்த மருந்து நெடியோடு கலந்து மூக்கில் ஏறியது, எங்கோ ஒரு குழாய் யாருக்கோ காத்திருப்பதுபோல நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆன்லைன் சர்வேக்குக் கேள்வி கோப்பதுதான் அவள் பிழைப்பு. எல்லாரிடமும் எல்லாக் கேள்வியும் கேட்க முடியாது. பிள்ளையே இல்லாதவரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் சட்டென்று மூடிவிட்டுப் போய்விடுவார். அதனால் இந்தப் பதில் என்றால் இந்தப் பக்கம், அந்தப் பதில் என்றால் அந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். வைத்துவிட்டு, தானே ஒரு ஆளாகி நிரப்பியும் பார்க்க வேண்டும். புதுசாக ஆளைக் கற்பனை செய்ய யாருக்கு இங்கே தெம்பு இருக்கிறது? தன் வீட்டையே போட்டுவிடுவாள். பம்மல் முகவரி, மகள் பிளஸ்ஸி, வயது ஒன்பது.

ஏழாவது கேள்விதான் பாடாய்ப் படுத்தியது. ‘பிள்ளை பள்ளி விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருப்பாரா?’ இல்லை என்றால் எட்டுக் கேள்வி திறக்கும். கதவை யார் திறப்பார், சோறு யார் போடுவார், எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும் என்று ஒவ்வொன்றும் ஊசி. ஆம் என்றால் ஒன்றும் கிடையாது, நேரே நன்றிதான். மற்றதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்பது முறையும் ஆம் என்றே போட்டாள். அலுப்பு பாதி, வெட்கம் பாதி. புருஷன் தாவீது லாரியோடு ஓசூர் போயிருந்தான். பிளஸ்ஸி தானே பூட்டைத் திறந்து, தானே போட்டுச் சாப்பிட்டு, இவள் வரும்வரை தனியாகத்தான் கிடப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா? ஒரு பொய்யை நாற்பது தடவை சொன்னால் குடியா முழுகிவிடும்?

நாற்பத்தொன்றாவது பதிலைத் திறந்தாள். பம்மல் முகவரிதான். நிரப்பியவர்: மகள். ஏழாவது கேள்விக்கு ஆம்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, காலையில் வீட்டுப் பழைய போனில் படிவத்தைத் திறந்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். குட்டி விளையாடியிருக்கிறது. அம்மாவுக்காக அதுவும் ஒரு பொய் சொல்லியிருக்கிறதே என்று சிரிப்பு வந்தது.

ஆனால் ஆம் என்றதற்குப் பிறகு நன்றி வரவேண்டும். வரவில்லை. அதன் கீழே, அவள் எழுதாத ஒரு கேள்வி இருந்தது.

‘அம்மா எத்தனை மணிக்கு வந்தார்?’

‘அஞ்சு.’

‘கதவைத் திறந்தது யார்?’

‘நான்தான். அம்மா வெளிய நின்னு கூப்ட்டாங்க.’

கூட வேலை பார்க்கும் ஜாய்சனின் குறும்பாக இருக்கும் என்று அவனை அழைத்தாள். கூடுவாஞ்சேரியில் யாருடைய நிச்சயதார்த்தத்திலோ இருந்தான், பின்னால் ஒரே பாட்டுச் சத்தம். மத்தியானத்திலிருந்து லேப்டாப்பைத் தொடவே இல்லை என்றான்.

“லிங்க் இன்னும் யாருக்கும் போகலக்கா. ரொம்ப டயர்டா இருக்கீங்க. கெளம்புங்க மொதல்ல.”

வீட்டுப் போனுக்கு அடித்தாள். மணி போய், பாதியில் கட்டானது. மறுபடி அடித்தாள். கட்டானது. திரையில் புதிதாக ஒரு வரி ஏறியது.

‘போன் அடித்ததே, யார்?’

‘தெரியல. எடுக்க வேணாம்னு அம்மா சொல்றாங்க.’

படிவத்தைத் திறந்து ஏழாவது கேள்விக்குப் போனாள். இல்லை என்று போட்டுவிட வேண்டும், இப்போதே. இல்லை என்ற விடையே அங்கே இல்லை. ஆம் மட்டும் இருந்தது. அவள் கோத்த எட்டுக் கேள்வியையும் காணோம்.

ஆண்டவரே. என் பிள்ளை.

ஷேர் ஆட்டோ பல்லாவரம் சிக்னலில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எதிர்வீட்டு ஜீவரத்தினத்தை அழைத்து, கொஞ்சம் போய்ப் பிளஸ்ஸியைப் பாருங்கள் அண்ணா என்று கெஞ்சினாள்.

“இன்னாமா சொல்ற? அஞ்சு மணிக்கு நீதான வந்த. என்னப் பாத்து தலையாட்டிட்டு உள்ள போனியே.”

பம்மல். தோல் தொழிற்சாலை நாற்றமும் சாக்கடையும் மழையில் கரைந்து தெரு முழுக்க. ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் போயிற்று.

வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு உள்தாழ். உள்ளே தோசை சுடும் சத்தம், நல்லெண்ணெய் மணம். பிளஸ்ஸி சிரித்தாள். வயிறு குலுங்குகிற சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று.

தட்டினாள். சிரிப்பு நின்றது.

“யாருடா கண்ணு அது?”

அவள் குரல். தபீதாளுடையதேதான். அலுப்பே இல்லாத அவள் குரல்.

ஜன்னல் திறந்தது. கம்பிக்கு உள்ளே பிளஸ்ஸியின் முகம். இறுக்கிப் பின்னிய ஜடை, நெற்றியில் பவுடர். மேலும் கீழும் பார்த்தாள், தபீதாளின் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைப் பார்த்தாள்.

“சர்வே எடுக்க வந்திருக்காங்கம்மா.”

“பிளஸ்ஸி. அம்மாடி. நான்தான். கதவத் தெற.”

அந்நியருக்குக் காட்டுகிற மரியாதையோடு பிள்ளை தலையசைத்தாள்.

“எங்க அம்மா வீட்லதான் இருக்காங்க, ஆன்ட்டி.”

அடுப்படியில் தோசைக்கரண்டி ஓயவில்லை. அங்கிருந்தே ஒரு கை வந்தது. கூடத்தைத் தாண்டி. கட்டிலைத் தாண்டி. நீண்டு. இன்னும் நீண்டு. பிளஸ்ஸியின் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தது. பிள்ளை சொக்கிப்போய் அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். அந்தக் கை ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தியது. பிறகு மற்றதை.