பாதியில் நின்ற சொடுக்கு

எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். பல் துலக்கினான். ஒரு கோப்பையை எடுத்தான். இரண்டாவதை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டான். முகத்தில் நுரை தடவினான். வலது கன்னத்தை மழித்தான். இடது கன்னம் கண்ணாடிக்கு வரவில்லை. தலை இடப்பக்கம் திரும்பியபடியே நின்றது. முந்தைய நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக. உடம்பையே சுழற்றி, சுவரோடு ஒட்டி நின்று மிச்சத்தை மழித்தான்.

அது புதிதல்ல. அவன் மனைவி போனதிலிருந்தே கழுத்து அப்படித்தான். புதிது வேறொன்று. துண்டால் துடைத்தபோது காதுக்குக் கீழே தைல வாசனை வந்தது.

அந்தத் தைலம் முன்னறை அலமாரியில் இருந்தது. மனைவி கைரோபிராக்டர், கழுத்தையும் முதுகையும் கையால் தட்டிச் சரிசெய்பவள். முன்னறைதான் அவளுடைய சிகிச்சை அறை. முகம் புதைக்க ஓட்டை வைத்த மேசை, அதன் தலைமாட்டில் பூட்டிய காகிதச் சுருள், கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் முதுகெலும்பு, சக்கரம் வைத்த ஒரு ஸ்டூல். அவள் இறந்த பிறகு அவன் அங்கே எதையும் தொடவில்லை. கதவைச் சாத்தியதோடு சரி. இப்போது திறந்து பார்த்தான். தைலப் புட்டியின் மூடியில் தூசி படிந்திருந்தது. ஆனால் மேசை மீது புதுக் காகிதம் விரித்திருந்தது. தலை வைக்கும் இடத்தில் மட்டும் கசங்கியிருந்தது.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினான்.

பாட்டில் தொழிற்சாலையில் அவனுக்குப் பரிசோதனை வேலை. வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாகப் பாட்டில்கள் இடமிருந்து வலமாக நகரும். கீறல், குமிழ் இருந்தால் தட்டிவிட வேண்டும். இப்போதெல்லாம் வருகிற பாட்டில்தான் தெரிந்தது. போகிறது தெரியவில்லை.

“அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கியே, அங்க யாரையாவது சைட் அடிக்கிறியா?” என்றான் பக்கத்து வரிசைக்காரன். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

“கழுத்து பிடிச்சிருக்கு.”

“உன் கழுத்தா? அதுதான் வீட்டுலயே...” ரேடியோ நிறுத்தினான். அவன் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. “சாரிப்பா. யார்கிட்டயாவது காட்டு.”

வீட்டிலேயேதான். தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், அவள் அவனை மேசையில் மல்லாக்கப் படுக்க வைப்பாள். “தலைன்னா சும்மாவா? பூசணிக்கா கனம். அதை முன்னால நீட்டிக்கிட்டு நாள் முழுக்க பாட்டில் பாத்தா கழுத்து என்ன பண்ணும் பாவம்?” என்பாள். தைலம் தடவித் தசையைச் சூடாக்குவாள். இரண்டு கைகளிலும் தலையை ஏந்தி மெல்லத் திருப்பிக்கொண்டே போவாள். மூட்டு இதற்கு மேல் வராது என்று சொல்லும் இடத்தில் நிறுத்துவாள். அங்கே அவன் தலையின் முழுக் கனத்தையும் அவளிடம் விட வேண்டும். விட்ட நொடியில் சின்னதாக ஒரு தட்டு. டக்கென்று ஒரு சொடுக்கு. எலும்புச் சத்தம் இல்லை, மூட்டுக்குள் இருக்கிற காற்று என்று முதல் நாளே விளக்கியிருந்தாள்.

விடுவதுதான் அவனுக்கு வராது. தட்டுவதற்கு முன் அவள் இரண்டு குதிகால்களையும் தூக்கி, கால்விரல் நுனியில் ஊன்றிக்கொள்வாள். அந்த நேரம் செருப்பு தரையில் உரசும். சத்தம் கேட்டதுமே அவன் விறைத்துவிடுவான். “புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கிறியே!” என்று திட்டிவிட்டு, பிறகு செருப்பைக் கழற்றிவிட்டே உட்கார ஆரம்பித்தாள்.

அந்தக் காலையிலும் அப்படித்தான். தலையை இடப்பக்கம் திருப்பி எல்லையில் நிறுத்தியிருந்தாள். ஏதோ சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தட்டுக்காகக் காத்திருந்தான். மின்விசிறி ஓடியது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். “விட்டுட்டேன், விட்டுட்டேன்,” என்று சிரித்தான். பதில் இல்லை. அவன் முழுதாக விடுவதற்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். அவள் விரல்கள் குளிர்வதை உணர்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தான். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து அவன் கழுத்திலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மதியம் அத்தை போன் செய்தாள். மகளைப் பறிகொடுத்ததிலிருந்து அவளுக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. “மாப்பிள்ளை, கடைசியா என்னப்பா சொன்னா?”

“அம்மாவைப் பாத்துக்கன்னு சொன்னா, அத்தை.”

அத்தை அழுதாள். எப்போதும் போல அவன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வரவில்லை. பொய்யும் உறுத்தவில்லை.

வேலை முடிந்ததும் ஒட்டகத்திடம் போனான். மனைவியோடு படித்தவர், நீண்ட கழுத்துக்காக அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். அவருக்கும் அதே தொழில், ஊருக்குள் நல்ல பெயர்.

“வாப்பா. எக்ஸ்ரே பாத்தேன். எலும்புல ஒண்ணுமில்ல. தலை சுத்துதா?”

“இல்ல.”

“கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுதா? கை மரத்துப் போகுதா?”

“கை மரத்துப் போகல.”

“வேற என்ன மரத்துப் போகுது?”

அவன் சட்டைக் காலரைக் கீழே இழுத்துவிட்டான். ஒட்டகம் அவன் பின்னால் நின்று, கழுத்தின் இரு புறமும் விரல் வைத்துக் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டு வந்தார். காதுக்குக் கீழே விரல் நின்றது. தடவிய இடத்தையே மறுபடி தடவினார்.

“வேற யார்கிட்ட போயிட்டிருக்க?”

“யார்கிட்டயும் இல்ல.”

“பொய் சொல்லாத. இன்னிக்குக் காலைல யாரோ கை வச்சிருக்காங்க. தோல் இன்னும் சிவந்திருக்கு. திருப்பி, எல்லை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க. ஆனா தட்டல. எவன்யா இது, பாதி வேலைல...” குனிந்து பார்த்தவர் பேச்சை நிறுத்தினார்.

பிறகு அவர் கைகளை எடுத்துக்கொண்ட விதம், சூடு பட்டுவிட்ட மாதிரி இருந்தது. குழாயைத் திறந்து நீண்ட நேரம் கழுவினார்.

“வலது கட்டைவிரல், நுனி பதியல. கணுதான் பதிஞ்சிருக்கு,” என்றார், திரும்பாமல்.

மனைவியின் வலது கட்டைவிரல் நிமிராது. சின்ன வயதில் கதவில் நசுங்கியது. கணுவால்தான் அழுத்துவாள். அதற்காகக் கல்லூரியில் அவள் வாங்காத திட்டில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

“நீங்களே ஒரு தடவை தட்டி முடிச்சிடுங்க,” என்றான்.

“நான் தொட மாட்டேன்.” ஒட்டகம் அலமாரியிலிருந்து ஒரு கழுத்துப் பட்டையை எடுத்து மேசையில் தள்ளினார். “கேட்டுக்க. எல்லை தினம் கொஞ்சம் தள்ளிப் போகுது. இப்போ இருக்கிற இடத்துலேருந்து தட்டினா சொடுக்கு வராது, வேற ஏதாவதுதான் வரும். தசை இறுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் யாராலயும் தட்ட முடியாது. எல்லாருக்கும் தளர்த்து, தளர்த்துன்னு சொல்ற வாயால உனக்கு இதைச் சொல்றேன். வலிச்சா வலிக்கட்டும். விடாத.”

வீட்டுக்கு வந்தான். முன்னறையைப் பூட்டிச் சாவியைத் தலையணை உறைக்குள் போட்டான். பட்டையைக் கழுத்தில் இறுக்கிக் கட்டினான். மின்விசிறியை அணைத்தான். உட்கார்ந்தே தூங்கிக்கொள்ளலாம் என்று சுவரில் சாய்ந்தான். கழுத்துத் தசைகள் இரண்டும் ஈரக் கயிறு காய்வது போல இழுத்தன. தோள்பட்டைக்கு, பின்மண்டைக்கு, கண்ணுக்குப் பின்னால் என்று வலி வீடு மாறிக்கொண்டே இருந்தது. அவள் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. அப்படி நினைத்ததும், தன்னையறியாமல் தலை கொஞ்சம் சாய்ந்தது. பதறி நிமிர்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டான். எத்தனை காலைகளுக்கு இப்படிப் பிடித்துக்கொண்டிருக்க முடியும் என்று யோசித்தான். எதற்காக என்றும் யோசித்தான். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும்போதே கண் சொருகிவிட்டது.

விடிந்தது. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைக்க வேண்டும் என்று நினைத்தான்.

அசைந்தான். முதுகுக்குக் கீழே காகிதம் சரசரத்தது.

மல்லாந்து கிடந்தான். கழுத்தில் பட்டை இல்லை. தைல வாசனை. கொக்கியில் பிளாஸ்டிக் முதுகெலும்பு லேசாக ஆடியது, யாரோ அதன் பக்கமாகக் கடந்து போனது போல. தலைமாட்டில் ஸ்டூலின் சக்கரம் உருண்டு, நின்றது.

பின்மண்டைக்குக் கீழே பத்து விரல்கள். குளிர்ந்தவை. வலது காதுக்குக் கீழே ஒரு கணு.

எழப் பார்த்தான். உடம்பு கேட்கவில்லை. கழுத்து மட்டும் அவன் பேச்சைக் கேட்டது. அதை இறுக்கினான்.

தலை திரும்பியது. மெதுவாக. அவசரமே இல்லாமல். ஜன்னல் போனது. சுவர் வந்தது. அலமாரி. தைலப் புட்டி, மூடி இல்லாமல். சுவரும் போனது. தோள் தடுத்தது. பிறகு தோளும் தடுக்கவில்லை. தரை தெரிந்தது.

கழுத்து போகிற இடமில்லை அது.

ஸ்டூலின் சக்கரங்கள். அவற்றின் நடுவே இரண்டு வெறுங்கால்கள். நீலம் பாரித்த நகங்கள்.

விரல்கள் நின்றன. எல்லை.

பிடித்துக்கொண்டான். தசை நடுங்கியது. களைத்தது. கொஞ்சம் நழுவியது. மறுபடி பிடித்தான். சத்தமில்லாமல் கண்ணீர் வந்தது. அவள் போன பிறகு முதல் முறையாக. அது சூடாக மூக்கின் மேல் வழிந்து, காகிதத்தில் சொட்டி, பரவியது.

தரையில் அந்தக் குதிகால்கள் மெல்ல உயர்ந்தன. கால்விரல் நுனியில் ஊன்றி நின்றன.

அத்தையிடம் சொன்னது பொய். அந்தக் காலையில் அவள் அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவன் தலையை ஏந்திக்கொண்டு, காதருகே குனிந்து, பாதிச் சிரிப்போடு அவள் சொன்னது இவ்வளவுதான்:

“நீ இன்னும் விடலடா. விடு.”