இவ்வளவு உப்பு

இப்ராஹீம் படியேறி வருவதைப் பார்த்ததும் மஜீது ஒளிந்துகொள்ள இடம் தேடினான். மாணிக்கத்தின் மாடியறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கயிற்றுக் கட்டில். ஆள் ஒளிய வழியே இல்லை.

மாணிக்கம் போலீஸ் கோர்ட்டில் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் மனிதர்கள் எப்படியெல்லாம் பொய் சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர். போலீசுக்குப் போகக் கூசுகிற விஷயங்களைச் சிராங்கூன் ரோட்டுக்காரர்கள் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். மஜீது கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவான். துப்பறிவதற்கென்றே ஆண்டவன் தனக்கு ஒரு தனி மூளை வைத்திருக்கிறான் என்று அவனுக்கு நினைப்பு.

"ஐயா, என் பேரு நாறிப்போச்சு," என்றார் இப்ராஹீம், வாசற்படியிலேயே நின்றபடி. கல்லூரி மண்டபத்தைத் திறந்து, நாற்காலி போட்டு, விளக்கேற்றுகிறவர் அவர். "வர்ற ஞாயித்துக்கிழமையோட சாவியக் கொடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. திருட்டுப் பட்டத்தோட போனா இந்த ஊர்ல எவன் வேலை குடுப்பான்?"

"உக்காருங்க. என்ன நடந்துச்சு?"

"தம்பிக்கே தெரியும்." இப்ராஹீம் மஜீதின் பக்கம் திரும்பவில்லை. "தம்பிதானே சபையில எந்திரிச்சு என்னையக் கைகாட்டினாரு."

மாணிக்கம் மஜீதைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது மஜீதுக்கு.

"அப்ப நீயே சொல்லு," என்றார்.

மஜீது சொன்னான். மேல்படிப்பு நடக்கும் அந்தக் கல்லூரி, தன் மண்டபத்தை ஞாயிறு மாலைகளில் தமிழருக்கு விட்டிருந்தது. நூலாசிரியர்கள் வந்து தங்கள் நூலைத் தாங்களே வாசிப்பார்கள். பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். கட்டணம் கிடையாது. சரக்குக் கிட்டங்கி முதலாளியும் வரலாம், மாட்டுக்கொட்டகை ஆளும் வரலாம். பெண்களுக்குப் பின்பக்கத்தில் திரை கட்டி, தனி வாசல் விட்டிருந்தார்கள். இந்த மாதம் முத்தலிப் சாகிபு, இன்னும் அச்சேறாத தம் கப்பல் கதையை மூன்று பகுதியாக வாசிப்பதாக ஏற்பாடு. வீட்டில் வைத்தால் பெண்கள் கூட்டத்தில் தாள்கள் பத்திரமாக இராது என்று, தகரப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரையிட்டு, மண்டபத்தை ஒட்டிய அறையில் விட்டிருந்தார்.

"முதல் ஞாயிறு நல்லாப் போச்சு. ரெண்டாவது ஞாயிறு உப்புக் கட்டம் வந்துச்சு. சாகிபு எப்படி வாசிச்சார்னு சொல்றேன்." ஒரு தடவை கேட்டதே மஜீதுக்கு மனப்பாடம். அவ்வளவு பக்தி சாகிபுவிடம். "'கப்பல் முதலாளி, சுக்கான் பிடிக்கும் சுக்கானியை அழைத்து, குழம்புக்கு இவ்வளவு உப்புப் போடச் சொல் என்றார். சுக்கானி சமையல்காரனிடம் சென்று, இவ்வளவு உப்புப் போடு என்றான். சமையல்காரன் தன் கையாளிடம், இவ்வளவு உப்புப் போடு என்றான்.' அந்த இடத்துல, திரைக்குப் பின்னால ஒரே சிரிப்பு! குழம்பு கரிச்சு, கப்பல்ல இருந்த தண்ணியெல்லாம் குடிச்சுத் தீர்ந்த கதை அதுக்கப்புறம்தான் வருது. அத வாசிக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சுட்டாங்க."

"ஆம்பளைங்க சிரிச்சீங்களா?"

"அங்க சிரிக்க என்ன இருக்கு? நாங்க முழிச்சோம். சாகிபே தாளத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியாம. முன்வரிசையில ஒருத்தர், 'அச்சாகாத கதை அந்தப் பக்கம் எப்படித் தெரிஞ்சுது?'ன்னு சத்தம் போட்டார். சாகிபு முகம் செத்துப்போச்சு. யாரோ பெட்டியத் திறந்திருக்காங்கன்னார். அப்பத்தான் நான்..." மஜீது நிறுத்தினான்.

"நீ?"

"அந்த அறைச் சாவி இப்ராஹீம்கிட்ட இருக்குன்னேன். அது மட்டும்தான் சொன்னேன்."

"அன்னிக்கு ராத்திரிக்குள்ள, நான் பெட்டிய ஒடைச்சேன்னு ஆச்சு," என்றார் இப்ராஹீம். "மறுநாள் கோப்பிக்கடையில, கதைய பினாங்கு அச்சாபீசுக்கு வித்துட்டேன்னு ஆச்சு. என்னைய அனுப்புற வரைக்கும் மூணாம் பகுதிய வாசிக்க மாட்டேங்கறாரு சாகிபு."

மாணிக்கம் எழுந்து, கீழே தெருவில் ரிக்‌ஷாக்காரர்களின் சண்டை காதில் விழாதபடி ஜன்னலைச் சாத்தினார். "முத்திரை?"

"முழுசா இருந்துச்சுங்க. சபை முன்னாலதான் அவரே உடைச்சு ரெண்டாம் பகுதிய எடுத்தாரு. மறுபடி அரக்கு வெச்சாரு. அப்படியே இருக்கு."

"மிச்சத் தாளு போச்சா இருக்கான்னு அவரு பெட்டியத் திறந்து பார்த்தாரா?"

"கெஞ்சினேன், ஐயா. திறக்க மாட்டேன்னுட்டாரு."

மாணிக்கம் தலையை ஆட்டிக்கொண்டார். "மஜீது, சாகிபு எழுதற எடத்தப் பார்த்திருக்கியா?"

பார்த்திருந்தான். அதை நாலு பேரிடம் பீற்றிக்கொண்டும் இருந்தான். மாடியில் குறுகலான அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாகிபுவின் மனைவியும், மஜீதின் மனைவி உள்படத் தெருப் பெண்களும் பிற்பகலில் கூடித் தொப்பிகளுக்குப் பூத்தையல் போடுவார்கள். 'இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் எழுத வேண்டியிருக்கிறது' என்று சாகிபு சலித்துக்கொண்டதும், அந்த இரைச்சலுக்கு நடுவே இப்படி எழுதுகிறாரே என்று மஜீது உருகிப்போனதும் உண்மை.

"உன் வீட்டம்மா ஞாயித்துக்கிழமை வந்திருந்தாங்களா?"

"ஜரீனாவா? வந்திருந்தா. திரைக்குப் பின்னால இருந்தா."

"ஏன் சிரிச்சாங்கன்னு கேட்டியா?"

மண்டபத்து ஜன்னல் கம்பிகளை மஜீது அளந்து பார்த்திருந்தான். அறை வாசலில் மண்டியிட்டுக் காலடித் தடம் தேடியிருந்தான். ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றைத் தின்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே மாணிக்கம் மஜீதின் வீட்டுக்கு வந்தார். ஜரீனா உள்ளறை வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். உப்புக் கதை என்றதும், மறந்துபோச்சு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"சரி, வேணாம். ஆனா அதுல இப்ராஹீமுக்கு வேலை போகப்போகுதும்மா," என்றார் மாணிக்கம். "திருடன்னு பேராயிடுச்சு."

"அந்த மனுஷனா? பாவம், அவர் மேல யாரு சொன்னது?"

மஜீது தரையைப் பார்த்தான். ஜரீனா அவனைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. மஜீதுக்குக் காது மடல் வரை சுட்டது.

"சொல்றேன், பாருங்க," என்றாள் அவள். "முதலாளி சுக்கானியக் கூப்பிட்டு, குழம்புக்கு இவ்வளவு உப்புப் போடச் சொல்லுங்கறாரு." கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சிட்டிகையாகக் கூடின. "சுக்கானி சமையல்காரன்கிட்டப் போயி, இவ்வளவு உப்புங்கறான்." உள்ளங்கை குழிந்து ஒரு கை அள்ளியது. "சமையல்காரன் கையாளக் கூப்பிட்டு, இவ்வளவு உப்புங்கறான்." இரண்டு கையும் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடிப்பதுபோல் அகல விரிந்தன.

மஜீது வாய்விட்டுச் சிரித்துவிட்டான். இதற்குத்தான் திரைக்குப் பின்னால் சிரித்திருக்கிறார்கள் என்று பாதிச் சிரிப்பில் புரிந்தது.

"இத அந்தப் பொண்ணுங்களுக்கு யாரு சொன்னதுன்னு நான் கேக்க மாட்டேன்," என்றார் மாணிக்கம் மெதுவாக. "ஒண்ணு மட்டும் சொல்லும்மா. கதை முடிஞ்சுதா?"

"இல்லீங்க. மொத ஞாயித்துக்கிழமை தன் கதையையே சாகிபு சபையில வாசிக்கறதக் கேட்டுட்டு வந்தாங்க. அன்னியோட நிறுத்திட்டாங்க. இப்ப ஊசிய எடுத்தா வாயே திறக்கறதில்ல." அவள் குரல் இறங்கியது. "நாங்க யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு பேசி வெச்சுட்டுத்தான் போனோம். புருஷன் தலை குனிஞ்சா சாகிபு வீட்டு ராத்தாவுக்குத்தானே கேவலம்? ஆனா அந்த எடம் வந்ததும் ராத்தா கை கண்ணு முன்னால வந்துருச்சு. அடக்க முடியல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றான் மஜீது.

"நீங்க கேட்டீங்களா? ஜன்னல் கம்பிய அளக்கப் போயிட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை, வாசிப்புக்கு முன்னால், மண்டபத்தை ஒட்டிய அறையில் எல்லாரும் கூடினார்கள். சபைத் தலைவர், முத்தலிப் சாகிபு, சாவிக்கொத்தைக் கையிலேயே பிடித்திருந்த இப்ராஹீம், சுவரோடு சுவராக மஜீது. மேசைமேல் தகரப் பெட்டி.

"சாகிபு, ஒரு சந்தேகம்," என்றார் மாணிக்கம். "முதலாளி எவ்வளவு உப்புச் சொன்னாரு? கையால காட்டுங்க."

சாகிபு உள்ளங்கையைக் குழித்தார்.

"சுக்கானி?"

அதே உள்ளங்கை.

"சமையல்காரன்?"

கை மறுபடியும் குழிந்து, பாதியில் அந்தரத்தில் நின்றது. சாகிபு தம் கையையே பார்த்தார்.

"மூணு பேரும் ஒரே அளவு சொல்லியிருந்தா, குழம்பு ஏன் கரிக்குது?" மாணிக்கம் சிட்டிகை பிடித்தார், ஒரு கை அள்ளினார், பிறகு இரண்டு கையையும் விரித்தார். சபைத் தலைவர் தன்னை மறந்து களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "சிரிப்பு வார்த்தையில இல்ல, கையில இருக்கு. எழுதினவருக்கு அது தெரிஞ்சிருக்கணும். சரி, பெட்டியத் திறந்து படிச்சவங்களுக்காவது தெரியுமா? தாள்லயும் இல்லியே. அப்ப, சிரிச்சவங்க தாளப் படிச்சவங்க இல்ல. சொன்னவங்களோட கையப் பார்த்தவங்க. எழுதினவருதான் பார்க்கல. காதால மட்டும் கேட்டிருக்காரு. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உக்காந்து."

சாகிபு அந்தக் கையை இறக்கிப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டார்.

"தாளு திருடு போச்சுன்னா, எவனும் முதல்ல பெட்டியத்தான் திறந்து பார்ப்பான். நீங்க திறக்கல. அந்தப் பக்கம் கதை சொல்றது நின்னுபோச்சு. உங்ககிட்ட மூணாம் பகுதி இல்ல. வாசிக்காம இருக்க ஒரு சாக்கு வேணும். இப்ராஹீம் கிடைச்சாரு," என்றார் மாணிக்கம்.

சாகிபு தாமே அரக்கை உடைத்தார். உள்ளே வெறும் வெள்ளைத் தாள்கள் இருந்தன.

"எங்க வீட்டுக்குள்ள பேசினதுதானே, எனக்கில்லாததான்னு நெனச்சேன்," என்றார். பெரிய மனிதர். குரல் குழந்தையினுடையதுபோல் சின்னதாகிவிட்டது. "சபையில என் வீட்டுக்காரி நூரு சிரிக்கல. மத்தவங்க சிரிச்சாங்க, அவ சிரிக்கல. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் கால்ல விழுந்திருப்பேன். கேக்கவே இல்ல."

"இப்ராஹீம் மேல் குற்றமில்லை என்று எழுதி வாசலில் ஒட்டிவிடலாம்," என்றார் சபைத் தலைவர் அவசரமாக. "விஷயம் இந்த அறையோடு இருக்கட்டும்."

"அவர் பேரு சபையிலதான் போச்சு," என்றார் மாணிக்கம். "சபையிலதான் திரும்பக் குடுக்கணும்."

மஜீது தனக்குப் பிடித்த முன்வரிசையில் உட்காராமல் பின்னால் நின்றான். முத்தலிப் சாகிபு மேடையேறினார். கையில் தாள் இல்லை.

"பெட்டியை யாரும் திறக்கவில்லை. இப்ராஹீம் குற்றமற்றவர். அவர்மீது பழி விழ நான் விட்டேன். இந்தக் கதை என்னுடையதன்று. உரியவரைக் கேளாமல் எடுத்தேன்."

முன்வரிசைக்காரர் சும்மா இருப்பாரா? "அப்ப முடிவு என்ன?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது," என்றார் சாகிபு.

மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரையின் பக்கம் திரும்பின. திரை அசையவில்லை. பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புகள், வளையல்கள், பின்வாசல் கதவு. அந்தப் பக்கத்திலிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதையின் முடிவும் அவர்களோடு போனது.

மஜீது முன்னால் வந்து நின்றான். சாவியைப் பற்றிச் சொன்னது தான்தான் என்றும், யோசிக்காமல் சொன்னதாகவும் சபையில் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமை கணீரென்று எழும்பிய குரல் இன்று மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தது.

இப்ராஹீம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து மறுபடியும் அவர் இடுப்பில் இருந்தது. மஜீது ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அருகே போனான்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. வேணும்னு சொல்லல. சாவி உங்ககிட்ட இருக்குன்னு, அது மட்டும்தான்..."

இப்ராஹீம் நாற்காலியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தார்.

"ஆமா, தம்பி. நீங்க போட்டது இவ்வளவுதான்," என்று இரண்டு விரலைச் சிட்டிகையாகப் பிடித்துக் காட்டினார். "கோப்பிக்கடைக்கு வந்தப்ப இவ்வளவு." உள்ளங்கை குழிந்தது. "என் பொண்ணு பள்ளிக்கூடத்துலேருந்து அழுதுட்டு வந்தப்ப..."

அவர் இரண்டு கையையும் விரித்தார். விரித்தது விரித்தபடியே நின்றார்.

இந்தத் தடவை மஜீதுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது.

"அவகிட்ட நான் சொன்னா நம்ப மாட்டா," என்றார் இப்ராஹீம், கைகளை இறக்கி. "அப்பாவாச்சே, அப்படித்தான் சொல்லுவேன்னு நெனப்பா. நீங்க வந்து சொல்லுங்க."

அவர் மண்டபத்தைப் பூட்டினார். மஜீது அவர் பின்னாலேயே நடந்தான்.