ஜெயசீலியின் கண்ணாடி

காய்ச்சலில் கிடந்த ஜெயசீலியின் நெற்றியில் ஸ்பிரிட் வாடை அடித்தது. சுரங்க ஆஸ்பத்திரியின் சோதனை அறையில் கண்ணாடித் துண்டுகளைக் கழுவிவைக்கும் அவள் தாய் ஞானசுந்தரிக்கு அது பழகிய வாடைதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தை அந்த அறைப் பக்கமே போனதில்லை. ஞானசுந்தரி முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வாடை போகவில்லை.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பிளேக் நுழைந்த வருஷம் அது. கட்டியில் ஊசி குத்தி எடுத்த நீரைக் கண்ணாடியில் தடவி, காயவைத்து, நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி தெரிந்தால் நோயாளி ஊருக்கு வெளியே தட்டிக் கொட்டகைக்குப் போக வேண்டும். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. புருஷனைச் சுரங்கத்தின் ஷாஃப்ட் குழி விழுங்கியபோது பாதிரியார் சொன்னதற்கெல்லாம் ஆமென் சொன்னவள் ஞானசுந்தரி. இந்த முறை சொல்வதாக இல்லை.

கம்பவுண்டர் சாம்ராஜ் வீட்டுக்கே வந்து குழந்தையின் கழுத்துக் கட்டியில் நீர் எடுத்துப் போனார். அதைத் தடவிய கண்ணாடியைச் சோதனை அறை மேசையில் காயவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட நகர்ந்தார். பின்னாலேயே வேலைக்கு வந்திருந்த ஞானசுந்தரி மட்டும் அறையில் இருந்தாள். மகளின் கண்ணாடியை ஸ்பிரிட் தோய்த்த துணியால் சுத்தமாக வழித்தெடுத்தாள். ஊசியால் தன் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அதில் தடவி, இருந்த இடத்திலேயே வைத்தாள். இத்தனை வருஷம் இந்தத் தைரியம் தனக்குள் எங்கே ஒளிந்திருந்தது என்றுதான் வியந்தாள்.

சாயங்காலம் சாம்ராஜ் வெளியே வந்தார்.

"ஒண்ணுமே இல்ல ஞானம்மா. டாக்டர் தொரையே பாத்துட்டாரு. போய்ப் புள்ளைக்குக் கஞ்சி குடு. இன்னா மூஞ்ச இப்படி வெச்சினுகீற, நான் சாவு சேதி சொன்னாப்ல?"

"கண்ணாடி சொல்லிச்சில்ல, இனிமே எவனும் என் வூட்டுப் படி ஏறக்கூடாது" என்றாள்.

ஆட்கள் ஓடிப்போய்ப் பூட்டிக் கிடந்த சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகளின் வழியே, தெளித்த சுண்ணாம்பின் காரமும் எரிந்த கூரைகளின் புகையும் தொண்டையில் கரகரக்க, ஒவ்வொரு பூட்டையும் முறைத்துக்கொண்டே நடந்தாள். இந்த வரிசையில் தன் வீட்டில் மட்டுமாவது விளக்கு எரியும்.

ஜெயசீலி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெற்றி சில்லிட்டிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. ஞானசுந்தரி கதவைத் தாழிட்டாள்.

தோளைத் தொட்டாள். அங்கும் சில். பாதங்களும்.

குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். தும். தும். தும். இருக்கிறது. பக்கத்தில் படுத்து இறுக அணைத்துக்கொண்டாள்.

"உன்ன யாருக்கும் குடுக்க மாட்டேண்டி. ஆண்டவரே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

தும். தும்.

நின்றது.

நின்றது குழந்தையின் நெஞ்சு அல்ல. வருஷக்கணக்காய் ராப்பகலாகத் தரையை அதிரவைத்து, கேட்டுக் கேட்டே காதில் விழாமல் போயிருந்த, சுரங்கத்துக் கல் இடிக்கும் மில். அது இப்போது நின்றிருந்தது. இதுவரை அவள் கேட்டது அதன் இடிதான்; குழந்தையின் நெஞ்சில் எந்தச் சத்தமும் இல்லை.

அவள் கையைத் தளர்த்தவில்லை. தளர்த்த மாட்டாள். இன்னும் இறுக்கினாள்.

அப்போது அவள் முதுகில் ஒரு சின்னக் கை. சில்லென்று.

தட்டியது. மெல்ல. மெல்ல. தாயைத் தூங்கவைப்பதுபோல.